ஓட்டுநர் இல்லாத கார்: ஆபத்து பாதி வழியில்தான்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் போகிறது. நொடிக்கு 16.7 மீட்டர். முன்னால் ஒருவர் சட்டென்று சாலையில் இறங்குகிறார். கவனமாக ஓட்டுகிறவருக்கே கண்ணில் பட்டது மனதில் உறைத்து, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் கார் 25 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலை, நல்ல டயர் என்றாலும் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45. அதே இடத்தில் அரை நொடியில் பிரேக்கைப் பிடிக்கும் இயந்திரம் 28 மீட்டரில் நின்றுவிடும்.

17 மீட்டர் மிச்சம் என்று இதை முடித்துவிடக் கூடாது. இயந்திரம் முழுக்க நின்றுவிட்ட அந்த 28ஆவது மீட்டரில் மனிதர் ஓட்டும் கார் இன்னும் 55 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அவர் அப்போதுதான் பிரேக்கை மிதிக்கத் தொடங்கியிருப்பார். நடுவில் நிற்பவர் பிழைப்பாரா என்பது இந்த இடத்தில் முடிவாகிறது.

தானோட்டிக் கார்களுக்கான வாதத்தில் கனமான பகுதி இதுதான். இயந்திரம் குடிக்காது, கண் அசராது, போனை நோண்டாது, முந்திச் சென்றவன்மீது கோபப்படாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை, சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறப்பதாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மனிதரை ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுப்பிவிட வேண்டியதுதானே என்று தோன்றும்.

ஒட்டுமொத்தமாக ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடியாத கேள்வி இது. எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த வானிலையில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இயந்திரம் ஓட்டும், மனிதர் பக்கத்தில் காவல் இருப்பார் என்ற ஏற்பாடுதான் இருப்பதிலேயே மோசமானது. இன்று சாலையில் அதிகம் விற்பதும் அதுதான்.

பார்ப்பது வேறு, புரிவது வேறு

மேலே சொன்ன அரை நொடிக்கு ஒரு நிபந்தனை உண்டு. எதிரில் இருப்பது என்ன, அது எங்கே போகப்போகிறது என்பது இயந்திரத்துக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும். இதற்காக, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வாடகைக் கார்களான ரோபோ டாக்ஸிகளில் பெரும்பாலானவை மூன்று வகைக் கண்களை வைத்திருக்கின்றன.

கேமராவுக்கு நிறம் தெரியும், பலகையைப் படிக்கும், முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கைப் பார்க்கும். தூரத்தை மட்டும் அது நேரடியாக அளப்பதில்லை, கணிக்கிறது. எதிர்வெயிலில் திணறும். ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பித் தூரத்தையும் வேகத்தையும் நேராகவே அளந்துவிடும்; மூடுபனி அதற்குப் பெரிய தடையில்லை. ஆனால் உருவம் சரியாகப் பிரியாது. தலைக்கு மேலே இருக்கும் வழிகாட்டிப் பலகை, பாலம், சாலையில் பதித்த இரும்பு மூடி எல்லாமே ‘அசையாத ஏதோ ஒன்று’ என்றுதான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் யாரும் பயணம் செய்ய முடியாது என்பதால், பல ஓட்டுநர் உதவி அமைப்புகள் அசையாப் பொருள்களின் எதிரொலியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நெடுஞ்சாலையில் விளக்கெரிய நிற்கும் தீயணைப்பு வண்டியின் பின்னால் போய் முட்டும் விபத்துகளுக்கு இது ஒரு காரணம்.

லைடார் லேசர் துடிப்புகளை வீசி, அவை திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். 100 மீட்டர் தொலைவில் இருக்கும் பொருளிலிருந்து துடிப்பு திரும்பிவர 667 நானோநொடி. இந்த அளவில் 10 நானோநொடி பிசகினால் தூரம் ஒன்றரை மீட்டர் தவறும். அடர்மழையும், முன்வண்டி டயர் கிளப்பும் நீர்த்திவலையும் இல்லாத பொருளை இருப்பதுபோல் காட்டும். மழுங்கிய கறுப்புப் பரப்பு ஒளியை விழுங்கிவிடும். இவை அனைத்தும் வண்டிக்கு வெளியே வெயிலிலும் சேற்றிலும் இருப்பவை. அதனால் சென்சார்களைக் கழுவ நீர்பீச்சியும் வைப்பரும் தனியாக வைக்க வேண்டியிருக்கிறது. செய்திகளில் யாரும் எழுதாத இந்த உதிரிபாகங்கள் இல்லாவிட்டால் மற்ற எல்லா மூளையும் வீண்.

அளவுப்பிழை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் காரியத்தைக் கெடுக்கப் போதும் என்பதற்கு ஒரு கணக்கு. கேமரா பொருத்தியிருக்கும் கோணம் ஒரே ஒரு டிகிரி திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தொலைவில் அது 1.75 மீட்டர் விலகல், அதாவது 3.5 மீட்டர் அகல லேனில் சரிபாதி. பக்கத்து லேனில் வரும் லாரி நம் லேனில் வருவதுபோல் தோன்றும், அல்லது மாறாக. தானோட்டிக் கார் மட்டுமில்லை, கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த சாதாரணக் காருக்கும் இது பொருந்தும். முன்கண்ணாடி மாற்றிய பிறகு அளவுத்திருத்தம் செய்யாமல் வண்டியை எடுத்துவந்தால், லேன் எச்சரிக்கையும் தானியங்கி பிரேக்கும் தவறான சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கண்டும் பிரேக் பிடிக்காத இரவு

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பியில் உபர் நிறுவனத்தின் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. தானோட்டும் கார் ஒன்று பாதசாரியைக் கொன்ற முதல் விபத்து. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நொடிநொடியாகப் பிரித்து வெளியிட்ட விவரங்கள் இன்றைக்கும் இந்தத் துறையில் நுழையும் எவரும் படிக்க வேண்டியவை.

மோதுவதற்கு 5.6 நொடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. அப்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர், இடைவெளி 100 மீட்டருக்குச் சற்று மேல். பிரேக் பிடித்த பிறகு நிற்க 30 மீட்டர்கூடத் தேவையில்லை. கண்டதை மென்பொருள் முதலில் வாகனம் என்றது, பிறகு இனம்தெரியாத பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது, மறுபடி மாற்றியது. பெயர் மாறும்போதெல்லாம் அந்தப் பொருள் அதுவரை எப்படி நகர்ந்தது என்ற பதிவை அது கைவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாய் ஏதோ ஒன்று முளைத்ததுபோல் ஆகிவிட, அவர் காரின் பாதையில் குறுக்கே வந்துகொண்டிருக்கிறார் என்பதே கணக்கில் ஏறவில்லை. பாதசாரிகள் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் நடந்து கடக்கக்கூடும் என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லியே வைக்கவில்லை.

மோதல் தவிர்க்க முடியாதது என்று அது முடிவுக்கு வந்தபோது 1.2 நொடி மிச்சம். அங்கும் ஒரு தடை. தேவையில்லாமல் பிரேக் பிடித்துக் குலுங்குவதைத் தவிர்க்க, அவசர முடிவை ஒரு நொடி நிறுத்திவைக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். அந்த வால்வோ காரில் தொழிற்சாலையிலேயே வந்த தானியங்கி அவசரப் பிரேக்கையும், தானோட்டி இயங்கும்போது அணைத்துவைத்திருந்தார்கள். கடைசிப் பாதுகாப்பாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு வண்டிக்கு இருவர் என்றிருந்ததை, விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஒருவராகக் குறைத்திருந்தார்கள்.

இதில் லென்ஸ் குருடாகவில்லை, கம்பி அறுந்துபோகவில்லை. மறதி, ஒரு தவறான அனுமானம், இரண்டு அணைத்துவைத்த பாதுகாப்புகள், சலித்துப்போன ஒரு மனிதர். எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன.

காவல் இருப்பதில் நாம் மகா மோசம்

எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு தானோட்டுதலை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. விளம்பரங்களில் இது மதிப்பெண் போல வருகிறது. உண்மையில் அது சொல்வது, எந்த நேரத்தில் ஓட்டுநர் யார் என்பதை. 2ஆம் படியில் கார் ஸ்டீயரிங்கைத் திருப்பும், பிரேக் பிடிக்கும். ஆனாலும் சட்டப்படி ஓட்டுநர் நீங்கள்தான். கையை எடுத்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது. 3ஆம் படியில் குறிப்பிட்ட நிலைமைகளில் இயந்திரமே ஓட்டுநர், ஆனால் கூப்பிட்டால் நீங்கள் வந்தாக வேண்டும். 4இல் குறிப்பிட்ட எல்லைக்குள் உங்களைக் கூப்பிடவே கூடாது. சிக்கல் வந்தால் தானே ஓரங்கட்டி நிற்க வேண்டும். எங்கும் எப்போதும் ஓட்டும் 5ஆம் படிக் கார் எங்குமே இல்லை.

பத்தாயிரம் தடவை சரியாகச் செய்யும் ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்து, பத்தாயிரத்து ஒன்றாவது தடவையில் அரை நொடியில் பாய்ந்து பிடிப்பது மனித இயல்பிலேயே இல்லை. வேலை இருந்தால்தான் கவனம் இருக்கும். இயந்திரம் எவ்வளவு மோசமோ அவ்வளவு விழிப்பாக இருப்போம். அது தேறத் தேற நாம் தளர்வோம். அதனால் 2ஆம் படி அமைப்பு மேம்படும்போது ஆபத்து அதே அளவில் குறைவதில்லை. ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று சோதிக்கும் கார்களை ஏமாற்ற, சக்கரத்தில் எடையைத் தொங்கவிட்டு ஓட்டியவர்கள் உண்டு. கண் எங்கே பார்க்கிறது என்று கேமரா வைத்துக் கண்காணிப்பது இதைவிட மேல். ஆனால் கண் சாலையில் இருக்க மனம் வேறெங்கோ இருப்பதை எந்தக் கேமராவும் பிடிக்காது.

3ஆம் படி இதை நேர்மையாக ஒப்புக்கொண்டு அவகாசம் தருகிறது. ஐநாவின் 157ஆவது வாகன விதிப்படி, பொறுப்பேற்கச் சொல்லி அழைத்த பின் குறைந்தது 10 நொடி கொடுக்க வேண்டும். அதற்குள் மனிதர் வராவிட்டால் கார் தானே பாதுகாப்பாக நிற்க முயல வேண்டும். முதலில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மட்டும் இருந்த அனுமதி 2022இல் 130 வரை உயர்ந்தது. 60இல் 10 நொடி என்றால் 167 மீட்டர். 130இல் 361 மீட்டர். இயந்திரம் அவ்வளவு தூரம் முன்னதாகவே ‘இது எனக்குச் சரிவராது’ என்று உணர வேண்டும். தெளிவான நெடுஞ்சாலையில் முடியும். திடீரெனத் தோண்டிப்போட்ட சாலையில் முடியாது.

எண்களை எப்படி நம்புவது

விபத்துகளில் 94 சதவீதம் மனிதத் தவறால், ஆகவே மனிதரை எடுத்துவிட்டால் 94 சதவீதம் குறையும் என்ற வாதம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 2015 குறிப்பிலிருந்து வந்த எண் அது. விபத்துக்கு முந்தைய நிகழ்வுகளின் சங்கிலியில் கடைசிக் கண்ணி எது என்று பார்த்ததில், 94 சதவீதம் ஓட்டுநர் பக்கம் விழுந்தது. கடைசிக் கண்ணியை விபத்தின் முழுக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. சாலை வளைவு மோசமாக இருந்து, விளக்கு எரியாமல் இருந்து, கடைசியில் ஓட்டுநர் தாமதமாகப் பிரேக் பிடித்தால், பழி அவர் தலையில். இயந்திரத்துக்கும் அதே வளைவு, அதே இருட்டு.

நேரடியாக அளந்து பார்க்கலாமே என்றால் அதுவும் எளிதல்ல. மனிதர்கள் உண்மையில் அவ்வளவு மோசமான ஓட்டுநர்கள் இல்லை. அமெரிக்காவில் 10 கோடி மைலுக்கு ஒன்றை ஒட்டித்தான் உயிரிழப்பு. 2016இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கு இது: மரண விகிதத்தில் மனிதரைவிட மோசமில்லை என்று 95 சதவீத நம்பிக்கையோடு காட்ட, ஒரு மரணமும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்ட வேண்டும். 100 கார்கள் இரவுபகலாக மணிக்கு 25 மைலில் ஓடினால் 12 ஆண்டுக்கு மேல். இடையில் மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும் என்பது தனிக்கதை. முதல் மைலை ஓட்டிய மென்பொருளும் கடைசி மைலை ஓட்டியதும் ஒன்றல்ல.

மரணத்தை விட்டுச் சிறு விபத்துகளையும் காயங்களையும் எடுத்துக்கொண்டால் படம் தெளிகிறது. ரோபோ டாக்ஸி நடத்தும் வேமோ நிறுவனமும் சுவிஸ் ரீ காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து 2.53 கோடி மைல் ஓட்டத்தை வைத்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், மனித ஓட்டுநர்களோடு ஒப்பிடும்போது பொருள்சேத இழப்பீட்டுக் கோரிக்கைகள் 88 சதவீதமும் உடற்காயக் கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு. நிறுவனமே பங்கேற்ற ஆய்வு என்பதை மனதில் வைத்துப் படித்தாலும், இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஊதித் தள்ள முடியாது. கூடவே இதையும் கவனிக்க வேண்டும்: இது வரைபடம் எடுத்த சில நகரங்களில், பனி பொழியாத வானிலையில், சென்சார்களைத் தினமும் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தின் 4ஆம் படி வண்டிகளின் கணக்கு. வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 2ஆம் படிக் காருக்கு இதிலிருந்து ஒரு சதவீதம்கூடக் கடன் வாங்க முடியாது.

ஒருவர் தவறினால் எல்லோரும்

மனிதர்கள் தனித்தனியாகத் தவறுவார்கள். மென்பொருள் கூட்டமாகத் தவறும். 2023 டிசம்பரில் பீனிக்ஸ் நகரில் ஒரு பிக்கப் வண்டியைக் கோணலாகக் கட்டி இழுத்துச் சென்றார்கள். அது எந்தப் பக்கம் போகும் என்பதைத் தவறாகக் கணித்து ஒரு வேமோ கார் அதன்மீது உரசியது. சில நிமிடங்களில் இன்னொரு வேமோ காரும் அதே வண்டியில் அதேபோல் உரசியது. முதல் ஓட்டுநர் பட்ட அனுபவம் இரண்டாவதற்கு உதவவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே ஓட்டுநர். நிறுவனம் 444 வண்டிகளின் மென்பொருளைத் திரும்பப் பெற்றுத் திருத்தியது. நல்ல செய்தியும் அதிலேயே இருக்கிறது: ஒருமுறை திருத்தினால் 444 வண்டிகளும் கற்றுக்கொள்கின்றன. மனித ஓட்டுநர்களில் இது நடக்காது.

2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை வந்தபோது சிக்னல்கள் அணைந்தன. ரோபோ டாக்ஸிகள் பல சந்திப்புகளில் அப்படியே நின்றுவிட்டன. அணைந்த சிக்னலை எப்படிக் கடப்பது என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் சந்தேகம் வந்தால் தொலைவில் இருக்கும் உதவியாளரிடம் உறுதி கேட்கும் ஏற்பாடு இருந்தது. நகரம் முழுக்க ஒரே நேரத்தில் சந்தேகம் வந்தால் வரிசை நீளாமல் என்ன செய்யும்? அந்த உதவியாளர்கள் ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கார் ஒரு கேள்வி கேட்கும், அவர்கள் விடை தருவார்கள், ஓட்டுவது கார்தான்.

நிற்பதே பாதுகாப்பு என்ற எண்ணமும் சில சமயம் பொய்க்கும். 2023 அக்டோபர் 2 அன்று அதே நகரில், மனிதர் ஓட்டிய ஒரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண், குரூஸ் நிறுவனத்தின் தானோட்டிக் கார் முன் விழுந்தார். அது உடனே பிரேக் பிடித்தும் மோதியது. எந்த ஓட்டுநராலும் அதைத் தவிர்ப்பது கடினம். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. பக்கவாட்டில் ஏதோ இடித்தது என்று எடுத்துக்கொண்டு, விதிப்படி ஓரங்கட்ட நகர்ந்தது. அடியில் சிக்கியிருந்தவரை ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் சென்றது. வண்டிக்கு அடியில் பார்க்க அதற்குக் கண் இல்லை. பொறுப்புள்ள மனித ஓட்டுநர் என்றால் முதலில் இறங்கிப் பார்ப்பார். முழு விவரத்தை அதிகாரிகளிடம் சொல்லாததும் சேர்ந்து, கலிஃபோர்னியா அனுமதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்ஸி முயற்சிக்குப் பணம் போடுவதையே கைவிட்டது.

மனிதர் எங்கே மிஞ்சுகிறார்

சாலையில் நடக்கும் பேச்சுவார்த்தை மென்பொருளுக்கு இன்னும் கடினம். முகப்பு விளக்கை ஒருமுறை மின்னினால் ஓரிடத்தில் ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள், வேறோர் இடத்தில் ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்று பொருள். ஒற்றை வண்டி அகலச் சாலையில் யார் பின்வாங்குவது, காவலர் கையசைப்பு நமக்கா பின்னால் வருபவருக்கா, பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே குழந்தை வரும். இவற்றில் சிலவற்றை இயந்திரம் கற்றுவிட்டது. லேன் கோடே இல்லாத, எல்லா வகை வண்டியும் கால்நடையும் கலந்து போகும் சாலையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யும் நிலை வரவில்லை.

அப்படிப்பட்ட சாலைகளுக்குப் பாத்திரங்களை மாற்றிவைப்பதே சரி. மனிதர் ஓட்டட்டும், இயந்திரம் காவல் இருக்கட்டும். சலிப்படையாமல் காத்திருப்பதில் அதற்கு நிகர் இல்லை. தானியங்கி அவசரப் பிரேக் செய்வது இதைத்தான்: வழக்கமாகத் தலையிடாது, கடைசி நொடியில் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்களில் இது கட்டாயம். அமெரிக்கா 2029 செப்டம்பருக்குக் கெடு வைத்திருக்கிறது. தானோட்டிக் காரின் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். ரோபோ டாக்ஸி பற்றிய சத்தத்தில் இது பேசப்படாமல் போவது எனக்கு வருத்தம்.

ஓட்டுநர்களின் பிழைப்பு பற்றிய கேள்வியை ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. சரக்கு லாரி ஓட்டுநர் ஸ்டீயரிங் பிடிப்பதற்காக மட்டும் சம்பளம் வாங்கவில்லை. கயிறு தளர்ந்ததா, டயர் சூடேறியதா, தார்ப்பாய் கிழிந்ததா என்று பார்ப்பதும், ரசீதில் கையெழுத்து வாங்குவதும் அவர் வேலை. 2025இல் டெக்சாஸில் ஓட்டுநர் இல்லாமல் சரக்கு லாரியை ஓடவிட்ட அரோரா நிறுவனம், லாரியைத் தயாரித்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால் சில வாரங்களிலேயே முன் இருக்கையில் ஒருவரை மீண்டும் உட்காரவைத்தது. அவருக்கு ஓட்டும் வேலை இல்லை. அங்கே இருப்பதே வேலை.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டங்கள் மெல்ல நகர்கின்றன. பிரிட்டனின் 2024 தானியங்கி வாகனச் சட்டம், கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநரின் அளவுக்காவது கார் பாதுகாப்பாக ஓட வேண்டும் என்கிறது. அது தானே ஓட்டும்போது நடக்கும் ஓட்டுதல் குற்றத்துக்கு இருக்கையில் இருப்பவர் பொறுப்பல்ல, அனுமதி பெற்ற நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தெளிவு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2025 செப்டம்பரில் நடந்தது உதாரணம். கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் சிக்னல் சந்திப்பில் தடைசெய்த யூ-டர்ன் அடித்த ஒரு வேமோ காரைக் காவலர்கள் மடக்கினார்கள். உள்ளே யாரும் இல்லை. அபராதச் சீட்டை ஓட்டுநர் பெயரில்தான் எழுத முடியும். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காரை அனுப்பிவைத்தார்கள். அத்தகைய விதிமீறலுக்கு நிறுவனத்தின் பெயரிலேயே அறிவிப்பு எழுத வழிசெய்யும் மாநிலச் சட்டம் 2026 ஜூலைக்குத்தான் நாள் குறித்திருந்தது.